கோபுரங்கள் முதலில், பாடசாலை பிறகு

ரொறன்ரோவில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிள்ளை பிறந்ததும் பெயர் என்ன என்று கேட்பார்கள். அடுத்ததாக, எப்போது வீடு வாங்கப் போகிறீர்கள் என்று கேட்பார்கள். டவுன்டவுனில் ஒரு கொண்டோவில், அதாவது சொந்தமாக வாங்கும் மாடி வீட்டில், சொந்தமாகவே குடியிருக்கிறோம் என்பது இக்கேள்விக்குப் பதிலாக ஏற்றுக்கொள்ளப்படுவதில்லை. புறநகர்களான ஏஜக்ஸிலோ மார்க்கத்திலோ கராஜும் பேஸ்மென்ட்டும் பின்வளவும் உள்ள ஒன்றைத்தான் அவர்கள் மனதில் வைத்துக் கேட்கிறார்கள். "பிள்ளை ஓடித் திரிய ஒரு துண்டு வளவாவது வேண்டாமோ?" என்று என் பெரியம்மா ஒவ்வொரு வருடப் பிறப்புக்கும் கேட்பார். அவருடைய மூன்று பிள்ளைகளும் சென் ஜேம்ஸ் டவுனில் ஒரு தொடர்மாடிக் கட்டடத்தில்தான் வளர்ந்தார்கள் என்பதை நான் நினைவூட்டினால், "அது அப்ப, வேற வழியில்லாமல்" என்று முடித்துவிடுவார்.

வேறு வழியில்லாமல் என்பது உண்மைதான். வெலஸ்லி வீதியும் பார்லிமென்ட் வீதியும் சந்திக்கும் இடத்தில், 1960களில் எழுப்பப்பட்ட அந்தப் பத்தொன்பது கோபுரங்கள் பிள்ளைகளுக்காகக் கட்டப்பட்டவை அல்ல. நகரில் வேலை பார்க்கும் தனி இளைஞர்களையும் பிள்ளை இல்லாத தம்பதியரையும் எதிர்பார்த்தே அவற்றைக் கட்டினார்கள். கனடிய நகரங்களின் பெயர்களை ஒவ்வொரு கட்டடத்துக்கும் சூட்டினார்கள். எதிர்பார்த்தவர்கள் நெடுநாள் தங்கவில்லை. 1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த எம்மவர்கள், அவர்களுக்கு முன்னும் பின்னும் வந்த பல நாட்டுக் குடும்பங்களுடன் சேர்ந்து அந்த வீடுகளை நிரப்பினார்கள். ஒரு படுக்கையறை வீட்டில் தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள், புதிதாக வந்திறங்கிய ஒரு சித்தப்பா என்று இருப்பது அன்று அதிசயமாக இருக்கவில்லை. கனடாவிலேயே மிகவும் நெருக்கமாக மக்கள் வாழும் பகுதிகளில் ஒன்றாக அது ஆனது இப்படித்தான்.

அந்த வாழ்க்கையை இனிப்பாக்கிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. மின்தூக்கி பழுதான நாட்களில் அரிசி மூட்டையையும் கைக்குழந்தையையும் படியால் ஏற்றிய பெண்களைக் கேட்டால் தெரியும். சுற்று வட்டாரத்துக்கென ஒரு முறையான சமூக நிலையம், வெலஸ்லி சமூக நிலையம், 2004இல்தான் திறக்கப்பட்டது. அதற்குள் எமது முதல் தலைமுறைப் பிள்ளைகள் பல்கலைக்கழகம் போய்விட்டார்கள். 2018 ஓகஸ்டில் பார்லிமென்ட் வீதியிலிருந்த கட்டடம் ஒன்றில் தீப்பிடித்தபோது சுமார் 1,500 பேர் வீட்டைவிட்டு வெளியேற வேண்டியிருந்தது. அவர்களில் பலர் திரும்பி வர 2020 ஆயிற்று. இருந்தும், பெரியம்மாவின் பிள்ளைகள் கோபுரங்களுக்கு நடுவே உள்ள றோஸ் அவெனியூ பாடசாலைக்கு நடந்து போனார்கள், நடைபாதையில் ரெனிஸ் பந்தால் கிரிக்கெட் விளையாடி கட்டடத்தைப் பராமரிக்கும் சுப்பரின்டென்டன்டிடம் ஏச்சு வாங்கினார்கள், எந்த மாடியில் யார் வீட்டுக் கதவைத் தட்டினால் சோறு கிடைக்கும் என்று தெரிந்து வைத்திருந்தார்கள். அவர்களைக் காரில் ஏற்றி இறக்க எவரும் தேவைப்படவில்லை. வீட்டில் கார் இருக்கவுமில்லை.

ஆகவே, டவுன்டவுனில் பிள்ளை வளர்க்க முடியுமா என்பது எங்களைப் பொறுத்தவரை நாற்பது வருடங்களுக்கு முன்பே விடை கண்ட கேள்வி. மாநகர சபைக்குத்தான் அது புதிதாகத் தோன்றியது. 2017இல் அது, மாடிக் குடியிருப்புகளில் வளரும் பிள்ளைகளைக் கருத்தில் கொண்டு ஒரு வழிகாட்டியை வரைந்து, 2020இல் அதைத் திருத்தி ஏற்றுக்கொண்டது. சுற்றுப்புறம், கட்டடம், வீடு என்ற மூன்று அளவுகளில் அது பேசுகிறது. இருபது அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகள் உள்ள புதிய கட்டடத்தில் பத்து வீதமாவது மூன்று படுக்கையறை வீடுகளாகவும், இன்னும் பதினைந்து வீதம் இரண்டு படுக்கையறை வீடுகளாகவும் இருக்க வேண்டும். மூன்று அறை வீடு சுமார் 100 சதுர மீற்றர் இருக்க வேண்டும். பெரிய வீடுகளைக் கீழ் மாடிகளில் வைத்தால் சமையலறையில் நின்றபடியே முற்றத்தில் விளையாடும் பிள்ளையைப் பார்க்கலாம். தள்ளுவண்டி நிறுத்த இடம் வேண்டும். படிக்கும்போது, எழுதியவர்களின் வீடுகளிலும் குழந்தைகள் இருக்கிறார்கள் என்று எண்ணத் தோன்றுகிறது. ஆனால் அது வழிகாட்டிதான், சட்டம் அல்ல. கட்டுபவர் பேரம் பேசலாம், பேசுகிறார்.

எங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். விளம்பரத்தில் இரண்டு படுக்கையறை என்றுதான் போட்டிருந்தார்கள். இரண்டாவது அறைக்கு யன்னல் கிடையாது. இருப்பறைக்கும் அதற்கும் நடுவே ஒரு கண்ணாடிச் சறுக்குக் கதவு இருக்கிறது; இருப்பறையின் வெளிச்சத்தை அதன் வழியாக அந்த அறை கடன் வாங்குகிறது. மகள் எட்டு மணிக்கு நித்திரைக்குப் போனால் நாங்கள் இருப்பறை விளக்கை அணைத்துவிட்டு, சமையல் மேடையின் கீழ்விளக்கில் கிசுகிசுத்துக்கொண்டு சாப்பிடுவோம். தள்ளுவண்டியை மடித்துக் குளியல்தொட்டிக்குள் வைக்கும் வழக்கம் எங்களுக்கு மட்டும் உரியதல்ல என்பதைப் பின்னர் மின்தூக்கியில் சந்தித்த தாய்மாரிடமிருந்து அறிந்துகொண்டேன். கட்டடத்தின் பொது வசதிகளில் உடற்பயிற்சிக்கூடமும் சிறு திரையரங்கும் நாயைக் குளிப்பாட்டுவதற்கென ஓர் அறையும் உண்டு. பிள்ளைகள் விளையாட ஓர் அறை இல்லை. நாய்களின்மேல் எனக்குக் கோபமில்லை, அந்த அறையில் வெந்நீர் வருகிறது, சேறான சப்பாத்துகளை அங்கேதான் கழுவுகிறோம். கீழ்வீட்டுக்காரர் இரண்டு முறை ஓட்டச் சத்தம் பற்றி முறையிட்ட பிறகு தரை முழுவதும் தடித்த விரிப்புப் போட்டோம். அவரைக் குறை சொல்ல முடியாது; தளத்தை இன்னும் கொஞ்சம் தடிப்பாக ஊற்றியிருந்தால் அவருக்கும் எங்களுக்கும் பகை வந்திருக்காது.

இந்த வீடு ஏன் இப்படி அமைந்தது என்பதற்கு யாருடைய கெட்ட எண்ணமும் காரணமல்ல, இரண்டு சாதாரணக் காரணங்கள் உண்டு. ஒன்று, படிக்கட்டு. ஒன்ராறியோவின் கட்டட விதிகள் இரண்டு மாடிக்கு மேற்பட்ட தொடர்மாடிகளுக்கு இரண்டு வெளியேறும் படிக்கட்டுகளைக் கேட்கின்றன. அவ்விரண்டையும் இணைக்க நடுவே நீண்ட நடைபாதை வருகிறது, அதன் இரு பக்கமும் வீடுகள் வரிசையாக அமைகின்றன, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கச் சுவரில்தான் யன்னல் கிடைக்கிறது. ஒரு பக்க யன்னலை வைத்துக்கொண்டு மூன்று படுக்கையறைகளுக்கு வெளிச்சம் கொடுக்க முடியாது என்பதால், மூலை வீடுகளைத் தவிர மற்றவை ஒரு அறை வீடுகளாகவே முடிந்துவிடுகின்றன. வன்கூவர் நகரம் உள்ள பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2024இல் ஆறு மாடி வரையான கட்டடங்களுக்கு ஒரே படிக்கட்டை அனுமதித்தது. தீயணைப்புப் படையினர் அதை விரும்பவில்லை, அவர்களின் அச்சத்தை நான் அலட்சியம் செய்யவும் மாட்டேன். ஆனால் தீப்பிடித்தால் தானாக நீர் தெளிக்கும் தெளிதூவிகள் பொருத்திய, மாடிக்கு நான்கே வீடுகள் உள்ள சிறு கட்டடத்தில் இரு பக்கமும் யன்னல் திறக்கும் குடும்ப வீடு கிடைக்கும் என்பது ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் நெடுங்காலமாகக் கண்ட நடைமுறை.

மற்றக் காரணம், வாங்குபவர். கொண்டோவை வரைபடத்திலேயே விற்றுவிட்டுத்தான் கட்டத் தொடங்குவார்கள். கட்டி முடிய நான்கைந்து வருடமாகும் வீட்டுக்கு முன்பணம் கட்டுபவர், அடுத்த மாதம் பிள்ளை பிறக்கப்போகும் தாய் அல்லர்; வாடகைக்கு விட நினைக்கும் முதலீட்டாளர். அவருக்கு மலிவான சிறிய வீடே போதும். எனவே வீட்டில் குடியிருக்கப் போகிறவரின் விருப்பம் வரைபடத்துக்கு வந்து சேர்வதே இல்லை. 2024இல் ரொறன்ரோவில் புதுக் கொண்டோ விற்பனை பல பத்தாண்டுகளில் காணாத அளவு சரிந்து, பெட்டி போன்ற சிறு வீடுகள் விலைபோகாமல் கிடந்தபோதுதான், குடும்பங்கள் வாழக்கூடியதைக் கட்டியிருக்கலாமே என்ற பேச்சு கட்டுபவர்கள் பக்கத்திலிருந்தும் கேட்கத் தொடங்கியது.

வீட்டின் நெருக்கடியைக்கூட ஒரு குடும்பம் சமாளித்துவிடும். பாடசாலை இல்லாமையை விரிப்புப் போட்டுச் சமாளிக்க முடியாது. புகையிரத நிலங்களாக இருந்த இடத்தில் எழுந்த சிற்றிபிளேஸ் கோபுரங்களில் 2000களின் தொடக்கத்திலிருந்தே மக்கள் குடியேறி வந்தார்கள். எட்டு ஏக்கர் பூங்காவும் அதில் டக்ளஸ் கூப்லண்ட் வடிவமைத்த, பிள்ளைகள் ஏறி நிற்கக்கூடிய சிவப்புத் தோணியும் நூலகமும் இடையில் வந்து சேர்ந்தன. ஆனால் பொதுப் பாடசாலை, கத்தோலிக்கப் பாடசாலை, சிறுவர் பராமரிப்பு நிலையம், சமூக நிலையம் ஆகியவை ஒரே வளாகத்தில் அமைந்த கனூ லாண்டிங் 2020இல்தான் இயங்கத் தொடங்கியது. அங்கே முதலில் குடியேறிய தம்பதியருக்குப் பிறந்த குழந்தைகள் அதற்குள் உயர்தரப் பாடசாலை வயதை எட்டியிருப்பார்கள். அல்லது, பெரும்பாலும், பெற்றோருடன் புறநகருக்குப் போயிருப்பார்கள். இரண்டு பாடசாலைகளும் சமூக நிலையமும் இடத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் அந்த வளாகத்தைப் போய்ப் பார்த்தவர்கள், நெருக்கமான நகரில் இதைவிடச் சிறப்பாகச் செய்ய முடியாது என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்வேன். தாமதத்தைத் தவிர.

இதே நகரம் இதை முன்பு சரியான வரிசையில் செய்து காட்டியிருக்கிறது என்பதுதான் எரிச்சலூட்டுவது. டேவிட் குரொம்பி மேயராக இருந்த 1970களில், கைவிடப்பட்ட தொழிற்சாலை நிலத்தை மாநகர சபையே வாங்கி சென் லோறன்ஸ் குடியிருப்பைத் திட்டமிட்டது. கூட்டுறவு வீடுகள், குறைந்த வாடகை வீடுகள், விற்பனை வீடுகள் எல்லாவற்றையும் கலந்து, எஸ்பிளனேட் வீதி நெடுகிலும் ஒரு நீள் பூங்காவை விட்டு, பாடசாலைகளைக் கீழே வைத்து அவற்றுக்கு மேல் வீடுகளைக் கட்டினார்கள். பெரும்பாலான கட்டடங்கள் நடுத்தர உயரமானவைதான். பின்னேரம் மூன்றரைக்கு அந்தப் பூங்காவுக்குப் போய் நின்றால், கூடைப்பந்துத் தளத்தில் பெரிய பிள்ளைகளும் தண்ணீர்த் தளத்தில் சின்னவர்களும் இருக்கைகளில் பல மொழிப் பாட்டிமாரும் இருப்பதைக் காணலாம். இது டவுன்டவுன்தான்; யூனியன் புகையிரத நிலையம் நடை தூரத்தில் இருக்கிறது.

இன்று ஏன் அப்படிச் செய்ய முடிவதில்லை என்று கேட்டால், பணக்கணக்கு ஒன்று குறுக்கே நிற்கிறது. ஒன்ராறியோவில் புதிய வீடுகள் கட்டுபவரிடமிருந்து பாடசாலைக் காணிக்கென ஒரு கட்டணம் அறவிடப் பாடசாலைச் சபைகளுக்குச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் ரொறன்ரோவின் பொதுப் பாடசாலைச் சபை அதை அறவிட முடியாது. முழு நகரத்தையும் கூட்டிப் பார்த்தால் அதன் பாடசாலைகளில் வெற்று இருக்கைகள் இருக்கின்றன என்பது காரணம். நகரின் ஒரு மூலையில் காலியாக உள்ள வகுப்பறை டவுன்டவுனில் உள்ள ஐந்து வயதுப் பிள்ளைக்கு எப்படிப் பயன்படும் என்று அந்தக் கணக்கு கேட்பதில்லை. அதனால்தான் புதிய கட்டடங்கள் எழும் இடங்களில், இங்கே குடியேறும் பிள்ளைகளுக்கு அருகிலுள்ள பாடசாலையில் இடம் கிடைக்கும் என்று உறுதி கூற முடியாது எனப் பாடசாலைச் சபையே அறிவிப்புப் பலகை நட்டு வைத்திருக்கிறது. வன்கூவரும் இதில் முழுதாகத் தப்பவில்லை. 1992இலேயே குடும்பங்களுக்கான அடர் குடியிருப்பு வழிகாட்டியை எழுதிய நகரம் அது. என்றாலும் அங்கே 2004இல் திறந்த எல்சி றோய் பாடசாலை விரைவிலேயே நிரம்பி, பிள்ளைகளைக் குலுக்கலில் எடுக்க வேண்டிய நிலை வந்தது. திட்டமிட்டவர்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமான பெற்றோர் அங்கேயே தங்கிவிட்டார்கள்.

டவுன்டவுனில் பிள்ளைக்குக் கிடைக்கும் பெரிய இலாபம், அது தன்பாட்டில் போய் வரலாம் என்பது. 2015இலிருந்து நகரின் பொதுப் போக்குவரத்தான ரிரிசியில் பன்னிரண்டு வயது வரையானவர்களுக்குக் கட்டணம் இல்லை. நூலகம், நீச்சல் தடாகம், பல் வைத்தியர், ரொட்டிக் கடை எல்லாம் ஒரு ஸ்ட்ரீட்கார் தூரம். ஆனால் தனியே அனுப்பும் துணிவு பெற்றோருக்கு வந்தாலும் ஊர் அதை ஏற்க வேண்டும். 2017இல் வன்கூவர் டவுன்டவுனில் வாழும் ஒரு தகப்பன் தன் நான்கு பிள்ளைகளைத் தாமாகவே பஸ்ஸில் பாடசாலைக்குப் போகப் பழக்கியிருந்தார். யாரோ முறையிட, பத்து வயதுக்கு உட்பட்டவர்களைத் தனியே விட முடியாது என்று மாகாணச் சிறுவர் நல அமைச்சு சொன்னது. 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அப்படிக் கட்டளையிட அமைச்சுக்கு அதிகாரம் இல்லை என்று தீர்த்தது. என் பெரியம்மாவின் பிள்ளைகள் ஏழு வயதில் தனியே பாடசாலை போன நாடு இது என்று எண்ணும்போது எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. உண்மையான ஆபத்து பஸ்ஸில் இல்லை, சிவப்பு விளக்கில் வலப்பக்கம் திரும்பும் கார்களில் இருக்கிறது. அதைத் திருத்துவது அமைச்சுக்கு அல்ல, வீதிப் பகுதிக்கு உரிய வேலை.

பெரியம்மா சொல்வதிலும் நியாயம் உண்டு. மூன்று பிள்ளைகளும் ஒரு தாத்தாவும் உள்ள குடும்பத்துக்கு டவுன்டவுனில் இன்று வீடு இல்லை. இருந்தால் அதன் விலைக்கு ஏஜக்ஸில் ஒரு முழு வீடு வாங்கலாம். இரண்டு கார்களின் செலவைக் கழித்தால் கணக்கு சிறிது மாறும், ஆனால் முற்றாக மாறாது.

எங்கள் வீதியில் வாகனத் தரிப்பிடமாக இருந்த ஒரு காணியில் இப்போது கோபுரத்துக்கான விண்ணப்பப் பலகை நிற்கிறது. பொதுக்கூட்டத்தில் நிழல் விழும், காட்சி மறையும் என்று பலர் பேசுவார்கள். மூன்று அறை வீடுகள் எத்தனை, அவை எந்த மாடியில், எல்லாப் படுக்கையறைகளுக்கும் திறக்கக்கூடிய யன்னல் உண்டா, தரைத்தளத்தில் மீண்டும் ஒரு வங்கிக் கிளைக்குப் பதிலாகச் சிறுவர் பராமரிப்பு நிலையம் வைக்க முடியுமா என்று நான் எழுதி அனுப்பியிருக்கிறேன். உங்கள் வீதியிலும் பலகை நின்றால், இதே கேள்விகளை உங்கள் மாநகர சபை உறுப்பினருக்கு அனுப்பலாம். தமிழில் எழுதினாலும் மொழிபெயர்த்துப் படிக்க அங்கே வழி இருக்கிறது.