தண்ணீர் தின்ற சுவர்

முதலில் நைந்துபோனது பிள்ளைகளின் நீச்சல் உடைதான். படியில் உட்கார்ந்து சறுக்கி இறங்கும் இடத்தில் நூல் நூலாகப் பிரிந்து வந்தது. அப்புறம் கால் பெருவிரல்களில் சிராய்ப்பு. எவ்வளவு தேய்த்தாலும் மூலைகளில் பாசி விடாமல் ஒட்டிக்கொண்டது. எங்கள் வீட்டு நீச்சல் குளத்துக்கு 17 வயது. “வயசாயிடுச்சு, வேற என்ன?” என்றார் என் கணவர். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், ஆழம் ஒரு முனையில் 1.1 மீட்டர், மறுமுனையில் 1.7. கான்கிரீட் தொட்டிமேல் வெள்ளை சிமெண்டும் மார்பிள் தூளும் கலந்த பூச்சு, 12 மில்லிமீட்டர்தான். இந்தப் பூச்சு என்றைக்காவது தேயத்தான் செய்யும். பத்து வருடம் உழைத்தால் குறை சொல்ல முடியாது. சொரசொரப்பு தெரிய ஆரம்பித்தபோது, எட்டு வருடங்களுக்கு முன், அதை அப்படியே விட்டுவிட்டு மேலே எபாக்சி பெயிண்ட் அடித்து மூடினோம். மூன்றாம் வருடம் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. பிறகு மாவு மாவாக உதிர்ந்து, பிள்ளைகள் நீல உள்ளங்காலோடு வீட்டுக்குள் நடந்தார்கள். உளுத்த பூச்சின் மேல் பெயிண்ட் அடிக்கலாமா என்று யாராவது என்னைக் கேட்டால், அந்த நீலத் தடங்களைத்தான் சொல்வேன்.

இந்த முறை அவசரப்படவில்லை. தண்ணீர் மட்டம் இறங்குவது ஆவியாவதாலா, கசிவாலா என்று முதலில் பார்க்க வேண்டியிருந்தது. ஒரு வாளியைப் படியில் வைத்து, வெளியே குளத்து நீர் நிற்கும் மட்டத்துக்கே உள்ளேயும் நிரப்பி, இரண்டு பக்கமும் கோடு போட்டு, பம்ப்பை நிறுத்திவிட்டு 24 மணி நேரம் விட்டேன். வாளியில் 5 மில்லிமீட்டர் குறைந்திருந்தது, குளத்தில் 11. வித்தியாசம் 6 மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். 32 சதுர மீட்டர் பரப்புக்கு அது ஒரு நாளைக்கு 192 லிட்டர். பிறகு ஒரு ஊசிக்குழாயில் நீல மையை எடுத்துக்கொண்டு, நீரை அசைக்காமல், விளக்கு, குழாய் வாய் என்று சந்தேகப்பட்ட இடங்களிலெல்லாம் துளித் துளியாக விட்டேன். மேலே மிதக்கும் குப்பையை இழுத்துக்கொள்ளும் ஸ்கிம்மர் பெட்டியின் பிளாஸ்டிக்கும் கான்கிரீட்டும் சேரும் இடத்தில் மை கலையாமல் ஒரு நூல் போல உள்ளே இழுபட்டது. அதைப் பார்த்தபோது வந்த சந்தோஷத்தை வீட்டில் யாராலும் புரிந்துகொள்ள முடியவில்லை.

பழைய பூச்சு ஏன் இப்படி ஆனது என்ற கேள்விக்கு மேஸ்திரிதான் வழி காட்டினார். படியோரத்தில் கையை விட்டுத் தடவிப் பார்த்தவர், “இது தேய்ஞ்சதில்லம்மா, தின்னது” என்றார். அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தண்ணீரை முழுதாகச் சோதித்தேன். அதுவரை குளோரினும் பிஎச்சும் (அமிலமா காரமா என்ற அளவு) மட்டும்தான் பார்ப்பேன், அதுவும் நினைவு வந்தால். பிஎச் 7.0, காரத்தன்மை லிட்டருக்கு 40 மில்லிகிராம், கால்சியம் கடினத்தன்மை 70 மில்லிகிராம். மேஸ்திரியிடம் சொன்னேன். அவருக்கு எண்கள் புரியவில்லை. ஆனால் தலையை ஆட்டியது சரியாகத்தான் இருந்தது.

வில்ஃப்ரெட் லாஞ்சலியர் என்பவர் 1936-இல் ஒரு குறியீட்டு எண்ணைக் கொடுத்தார். குழாய்க்குள் சுண்ணாம்பு படியுமா, கரையுமா என்று கணிக்க உண்டாக்கியது. நீச்சல் குளத்துக்கும் அதே கணக்குத்தான். பூஜ்யம் என்றால் நீர் நிறைவாக இருக்கிறது. அதற்கு மேலே போனால் சுண்ணாம்பு படியும். கீழே போனால் நீருக்குக் கால்சியம் பசி. வேறெங்கும் கிடைக்காவிட்டால் சுவரிலிருந்து எடுத்துக்கொள்ளும். என் குளத்துக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய மைனஸ் 1.3 வந்தது. மைனஸ் 0.3 வரை பரவாயில்லை என்பார்கள்.

குற்றவாளி நான்தான். உப்புக்கறை படியக் கூடாது என்று, வீட்டுக்குள் வரும் மென்னீர்க் குழாயிலிருந்துதான் இத்தனை வருடமும் குளத்தை நிரப்பினேன். மென்னீராக்கி செய்வதே கால்சியத்தை எடுத்துவிட்டு சோடியத்தைக் கொடுப்பது. அது போதாதென்று ஸ்கிம்மரில் குளோரின் மாத்திரை. மெதுவாகக் கரையும் அந்த மாத்திரைகள் அமிலத்தன்மை கொண்டவை. பிஎச்சையும் காரத்தன்மையையும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிவிடும். பசித்த தண்ணீரை நானே தயாரித்து ஊற்றியிருக்கிறேன். இதைத் தெரிந்துகொள்ளாமல் என்ன பூச்சு பூசியிருந்தாலும் அதே கதைதான் நடந்திருக்கும்.

என்ன பூச்சு என்பதில் வீட்டில் ஒரு வாரம் விவாதம். கணவருக்குக் கூழாங்கல் பதித்தது பிடித்திருந்தது. அதிக வருடம் உழைக்கும், உண்மைதான். ஆனால் பிள்ளைகளின் பாதத்தை நினைத்து, பழையபடி வெள்ளை சிமெண்டே போதும் என்று முடித்தேன்.

குளத்தை எப்போது காலி செய்வது என்பதில் மட்டும் மேஸ்திரி விட்டுக்கொடுக்கவில்லை. மழைக்காலம் முடிந்து, நிலத்தடி நீர் நன்றாக இறங்கட்டும் என்றார். காலியான குளம் ஒரு படகு மாதிரி. வெளியே மண்ணில் நிற்கும் நீர், குளத்தின் அடித்தளத்துக்கு அரை மீட்டர் மேலே இருந்தாலே, எங்கள் அளவுக்கு ஏறக்குறைய 16 டன் விசை அடியிலிருந்து தூக்கும். தொட்டி விரிசல் விடலாம், மொத்தமாகவே எழும்பிவிடலாம். பக்கத்தில் ஒரு குழி தோண்டி ஈரம் பார்த்த பிறகுதான் மோட்டாரைப் போட்டார்கள். நீர் இறங்கியதும், அடிவடிகாலில், வெளிநீரை உள்ளே விட்டு அந்த அழுத்தத்தைத் தணிக்கும் வால்வு அடைபடாமல் இருக்கிறதா என்றும் பார்த்தார்கள்.

காய்ந்த சுவரில் மேஸ்திரி சுத்தியல் பிடியால் தட்டிக்கொண்டே போனார். பூச்சு பிடித்திருக்கும் இடத்தில் ‘டக்’. விட்டுப்போன இடத்தில் ‘தொம்’. தொம் என்ற இடத்தையெல்லாம் என் மகள் சாக்பீஸால் வட்டம் போட்டாள். ஆழமான பக்கம் முழுக்க வட்டங்கள். ஒட்டுப்போட்டு ஒப்பேற்றும் எண்ணம் அதோடு போயிற்று. பெயிண்டும் பழைய பூச்சும் கான்கிரீட் தெரியும்வரை கொத்தி எடுக்க நான்கு நாள் ஆனது. தண்ணீர் தெளித்து, முகமூடி போட்டுக்கொண்டுதான் வேலை. அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. இரண்டு இடத்தில் செம்பழுப்புக் கறைக்குப் பின்னால் துருப்பிடித்த கம்பி. சுற்றிலும் கொத்தி, கம்பியை உள்ளே தள்ளி வெட்டி, சீக்கிரம் இறுகும் சிமெண்டால் அடைத்தார்கள். ஸ்கிம்மர் இடுக்கும் அப்போதே சரியானது.

பூச்சு மட்டும் ஒரே நாள். பாதியில் நிறுத்தினால் இணைப்பு தெரியும் என்பதால் காலை ஆறு மணிக்குத் தொடங்கி ஏழு பேர் மாறி மாறி இழைத்தார்கள். தரையில் நிற்பவர்களுக்கு அடியில் ஆணி வைத்த செருப்பு. நடுவில் ஒரு பையன் கரணை வழுக்கட்டும் என்று தண்ணீர் தெளிக்க, மேஸ்திரி போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. மேலே தண்ணீர் கூடினால் பூச்சு பலமிழந்து மயிரிழை விரிசலாக வெடிக்குமாம்.

மறுநாள் காலை நீர் நிரப்பினோம், மென்னீர் இல்லாத நேர்க்குழாயில். ஓசின் முனையில் துணி சுற்றி ஆழமான இடத்தில் வைத்தோம், பூச்சில் பீய்ச்சி அடிக்காமல் இருக்க. மொத்தம் 44,800 லிட்டர். நிமிடத்துக்கு 25 லிட்டர் என்றால் 30 மணி நேரம். “நடுவில் நிறுத்தவே கூடாது” என்று மேஸ்திரி மூன்று முறை சொல்லிவிட்டுப் போனார். நான் அதை வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன், என் மாமியாரைத் தவிர. இரவு பதினோரு மணிக்கு, குழாய் திறந்திருக்கிறதே என்று அத்தை மூடிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். விடிகாலை ஐந்தரைக்குத்தான் பார்த்தேன். நீர் நின்ற மட்டத்தில், சுற்றிலும் மங்கலாக ஒரு வளையம். ஆழம் குறைந்த பக்கத்தில் முழங்காலுக்குச் சற்று மேலே. “தண்ணி வீணாப் போகுதேன்னு மூடினேன்டி” என்றார். என்ன சொல்வது? பிள்ளைகள் அதற்குப் பாட்டி கோடு என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

நிரம்பிய பிறகு உண்மையான வேலை என்னுடையது. புதுச் சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு வெளியேறும். தண்ணீர் பால் கலந்தது போல இருக்கும். இரண்டு வாரம் காலையும் மாலையும் சுவரையும் தரையையும் மென்மையான பிரஷால் தேய்த்தேன். முதல் சில நாள் வடிகட்டி இரவு பகலாக ஓடியது. பிஎச் தினமும் 8-ஐத் தாண்டும். வாளித் தண்ணீரில் ஆசிட்டை ஊற்றி (ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக் கூடாது), குளத்தைச் சுற்றி நடந்துகொண்டே கலந்துவிட்டேன். சக்கரம் வைத்த துப்புரவுக் கருவி 28 நாளுக்கு உள்ளே இறங்கக் கூடாது என்று ஷெட்டில் வைத்துப் பூட்டியாயிற்று. தோள்பட்டை வலி இன்னும் இருக்கிறது.

மாத்திரையை விட்டுத் திரவக் குளோரினுக்கு மாறிவிட்டேன். ஷெட் கதவில் ஒரு நோட்டு தொங்குகிறது. இன்று காலை எழுதியது: பிஎச் 7.5, காரத்தன்மை 90, கடினத்தன்மை 260. அதற்குக் கீழே என் மகளின் கையெழுத்தில், “பாட்டி கோட்டை மூச்சுப் பிடித்துத் தொட்டேன், 4 தடவை.”