55 சென்டிமீட்டர், மூன்று இனங்கள்

பிரெஞ்சு வேட்டைநாய்களை இனம் பிரிக்கப் பழகுகிறவர்கள் அளவுநாடாவை முதலில் எடுக்க வேண்டாம். துலூஸுக்குத் தெற்கே எங்கள் ஊரில், பக்கத்து வீட்டு அம்மையார் காப்பகத்திலிருந்து அழைத்துவந்த பெண்நாய்தான் இப்போது எனக்குப் பாடம். சுவரோரம் நிறுத்தி, தோள்மேட்டில் தடித்த புத்தகத்தை மட்டமாக வைத்து அளந்தேன்: 55 சென்டிமீட்டர். இந்தப் பக்கத்து மோப்பநாய் இனங்களில் பெத்தி ப்ளூ தெ கஸ்கோன் பெண்நாய்க்கு விதிக்கப்பட்ட உயரம் 50 முதல் 56 (பெத்தி என்றால் சிறியது). அரியேஜுவாவுக்கும் அதே 50 முதல் 56. பெத்தி கஸ்கோன் சேந்தோன்ஜுவாவுக்கு 54 முதல் 59. மூன்று வீட்டுக்கும் சொந்தம் கொண்டாடுகிற உயரம்!

இது போதாதென்று காப்பகத்தின் சீட்டில் "பிராக் தொவேர்ன் கலப்பு" என்று எழுதியிருந்தார்கள். வெள்ளையில் கறுப்புப் பொடிப்புள்ளிகள், கறுத்த காது, நடுத்தர உடம்பு என்று பார்த்தால் அந்த ஊகத்தில் நியாயம் உண்டு. ஆனால் பிராக் வேறு தொழில் செய்கிற நாய். பறவையைக் கண்டுகொண்டால் அசையாமல் நின்று காட்டும். வேட்டைக்காரரை விட்டு வெகுதூரம் போகாது. அடிக்கடி திரும்பி அவர் முகத்தைப் பார்க்கும். மோப்பநாயோ தடத்தைப் பிடித்துவிட்டால் கத்திக்கொண்டே போகும். பின்னால் வருகிற மனிதர் குரலை வைத்துத்தான் அதைத் தேடிப் போக வேண்டும்.

ஆகவே குணத்தைச் சோதித்துப் பார்த்தேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 30 வரை காட்டுப் பாதையை விட்டு விலகும் நாய் கயிற்றில்தான் இருக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். மற்ற மாதங்களிலும் இப்படிப்பட்ட நாயை நான் அவிழ்த்துவிட மாட்டேன், அது வேறு விஷயம். நீண்ட கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓக் தோப்பின் ஓரமாக நடந்தோம். ஈரப் புல்லில் ஏதோ குறுக்கே போயிருந்தது. மூக்கு தரையில் பதிந்தது, வால் உயர்ந்தது. பெயர் சொல்லி அழைத்தேன். காது கூட அசையவில்லை. பிறகு தொண்டையின் அடியிலிருந்து நீண்ட, பாதி ஊளையான குரல். ஓட்டத்தில் அவசரமில்லை. தடம் தவறிய இடத்தில் நின்று, வட்டமடித்துத் தேடி, மீண்டும் பிடித்தது. ஒரு முறையாவது என் முகத்தைப் பார்த்திருந்தால் சந்தேகத்தை மிச்சம் வைத்திருப்பேன். பார்க்கவில்லை. பட்டியலிலிருந்து பிராக்கை அடித்துவிட்டேன். கண்ணுக்கு மேலும் கன்னத்திலும் செம்பழுப்பு இருந்ததே போதிய சாட்சி. பிராக் தொவேர்னில் அந்த நிறம் வரக் கூடாது.

குணம் உதவியது அதோடு சரி. மீதமுள்ள மூன்றும் ஒரே கூட்டத்துப் பிள்ளைகள்: கும்பலோடு வளர்பவை, மற்ற நாய்களோடு சண்டை பிடிக்காதவை, தடம் கிடைத்தால் காது கேளாதவை. "ப்ளூ நிதானமானது, அரியேஜுவா குதூகலமானது" என்று கையேடுகள் பிரிப்பது கூட்டத்தைப் பார்க்கும்போது சரிப்படலாம். தனியே சோபாவில் படுத்திருக்கும் நாயிடம் அதைத் தேடுவது வீண்.

இனித் தலை. காது கண்மட்டத்துக்குக் கீழே, சற்றுப் பின்தள்ளி முளைத்திருக்கிறது. காய்ந்த வெற்றிலையின் ஓரம்போல உள்ளே சுருண்டு தொங்குகிறது. முன்னால் இழுத்தால் மூக்கு நுனியைத் தொடுகிறது. தலையின் இரு பக்கமும் காதையும் கண்ணையும் மூடிய கறுப்பு, நடுவே வெள்ளைப் பட்டை. புருவ இடத்தில் கண்ணுக்கொன்றாக இரண்டு செம்பழுப்புப் பொட்டுகள். இந்த முகநிறம் தென்மேற்குப் பிரான்சின் கஸ்கோனிய நாய் ரத்தத்தின் முத்திரை, மூன்றிலும் வரும்.

நிறத்தில்தான் பிரிவு தொடங்குகிறது. ப்ளூ என்றால் உடம்பெல்லாம் கறுப்புப் பொடி அடர்ந்து, தூரத்தில் சிலேட்டு நீலமாகத் தெரிய வேண்டும். இந்தப் பொடி பிறக்கும்போது இருக்காது. குட்டிகள் வெள்ளையும் கறுப்புத் திட்டுமாகப் பிறந்து வாரக்கணக்கில்தான் நீலம் ஏறும். குட்டிப் படத்தை வைத்து இனம் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. நம் நாய் வளர்ந்த நாய். கால்களில் பொடி உண்டு, விலாவில் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. ப்ளூவையும் அடித்தேன், பென்சிலால்.

அரியேஜுவாவைத் தள்ளுவது எளிதாக இல்லை. உள்ளூர் முயல்வேட்டை நாய்களோடு ப்ளூவின் பெரிய வகையான கிராண்ட் ப்ளூவையும் கஸ்கோன் சேந்தோன்ஜுவாவையும் கலந்து அரியேஜ் பகுதியில் உருவான இனம் அது. சாயல் இருக்கத்தான் செய்யும். பாரிஸ் விவசாயக் கண்காட்சிக்குப் போனபோது இதற்காகவே நாய்ப்போட்டி வளையத்தின் ஓரத்தில் நின்றேன். நடுவர் தலைத்தோலைக் கிள்ளி இழுத்துப் பார்த்ததைக் கவனித்தேன். அரியேஜுவாவின் தலை இறுகியது. சுருக்கம் இல்லை, கழுத்தில் தொங்கு தோலும் இல்லை. ஊர் திரும்பி அதையே செய்து பார்த்தேன். இந்த நாயின் கன்னத்தில் மடிப்பு விழுகிறது, தொண்டையில் தோல் தளர்ந்திருக்கிறது.

பிறகு பின்னங்காலைத் துடைத்துவிடும்போதுதான் கண்ணில் பட்டது: தொடையின் கீழ்ப்பகுதியில் பெருவிரல் அகலத்துக்கு, சருகு நிறத்தில் ஒரு மங்கிய திட்டு. வேட்டைக்காரர்கள் இதை மான் அடையாளம் என்கிறார்கள், கஸ்கோன் சேந்தோன்ஜுவாவில் அடிக்கடி காணப்படுவது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில், போர்தோவுக்கு அருகே விரலாடில் பாரோன் ஜோசப் தெ கரயோன்-லத்தூர், அழிந்துகொண்டிருந்த சேந்தோன்ஜ் பகுதி நாய்களின் மிச்சத்தைக் கஸ்கோனிய நாய்களோடு சேர்த்து அந்த இனத்தை எடுத்தார். முயல் வேட்டைக்காரர்கள் அதில் சிறியவற்றைப் பொறுக்கி 20ஆம் நூற்றாண்டில் பெத்தி வகையை நிலைப்படுத்தினார்கள்.

என் நோட்டில் எழுதியது: பெத்தி கஸ்கோன் சேந்தோன்ஜுவா, தோற்றத்தில். அந்தக் கடைசிச் சொல் முக்கியம். 1885இல் தொடங்கிய பிரெஞ்சு இனப்பதிவேட்டில் பதிவில்லாத நாயை, எவ்வளவு அச்சாக இருந்தாலும், இந்த இனம் என்று சொல்லச் சட்டம் இடம் தராது. "தோற்றத்தில்" என்று மட்டும் எழுதலாம். காதுக்குள் பச்சை குத்திய எண்ணும் இல்லை. அரியேஜுவா ரத்தம் துளி இருந்தாலும் நான் மறுக்கப்போவதில்லை.

அம்மையார் என் நோட்டை மரியாதைக்காக வாங்கிப் பார்த்துவிட்டு, "அப்படியானால் வேலி எவ்வளவு உயரம் வேண்டும், மிஸ்யூ?" என்று கேட்டார். உயரத்தைவிட அடிப்பக்கத்தைப் பாருங்கள், கம்பிவலையை மண்ணுக்குள் புதையுங்கள் என்றேன். இரவில் குரல் கொடுத்தால் அண்டை வீட்டுக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்பது அடுத்த கேள்வி. அண்டை வீட்டுக்காரன் நான்தானே!