அக்கரையில் நின்ற ஸ்கூட்டர்

தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்குச் செல்லும் 13 கிலோமீட்டருக்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைக் கடந்துவிடலாம். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டு வியப்பார்கள். நாங்களோ அவற்றை ஐந்து பாலங்கள் என்று எண்ணி, இந்த ஆண்டு எதை இடிப்பார்களோ என்று கவலைப்படுவோம். 2025ஆம் ஆண்டு அந்தப் பேறு எங்கள் ஊருக்குக் கிடைத்தது.

எங்கள் ஊர் குடமுருட்டியின் வடகரையில் இருக்கிறது. ரேஷன் கடை, வங்கி, பேருந்து நிறுத்தம், நல்ல காப்பி கிடைக்கும் ஒரே கடை ஆகிய அனைத்தும் தென்கரையில் இருக்கின்றன. இரண்டையும் இணைத்த பழைய பாலம், ஒரு பேருந்து ஏறினால் எதிரே ஒரு மிதிவண்டிகூட வர முடியாத அளவுக்குக் குறுகலானது. தை மாதக் கடைசியில் ஆற்றில் நீர்வரத்து நின்றதும் அதை இடித்தார்கள். அதற்குப் பதிலாக, வறண்ட ஆற்றின் குறுக்கே சிமெண்டுக் குழாய்களை வரிசையாகப் போட்டு, அவற்றின்மேல் மண்ணைக் கொட்டி ஒரு தற்காலிகப் பாதை அமைத்தார்கள். ‘பணி நடைபெறுகிறது, மெதுவாகச் செல்லவும்’ என்ற பலகையையும் நட்டார்கள். அந்தப் பாதையில் வேகமாகச் செல்ல யாராலும் இயலாது என்பதாலும், பணி நடைபெற்றதை யாரும் கண்டதில்லை என்பதாலும், அந்தப் பலகை எதற்கு என்பது இன்றுவரை விளங்கவில்லை.

பணியைக் கவனிக்க வந்த மேற்பார்வையாளர் வேறு மாவட்டத்து இளைஞர். எங்கள் தெருவிலேயே ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்தார். எப்போது முடியும் என்று மாசியில் கேட்டபோது பதினைந்து நாள் என்றார். பங்குனியிலும் பதினைந்து நாள்தான். சித்திரையில் நாங்கள் கேட்பதற்கு முன்பே, தொலைவில் எங்களைப் பார்த்ததும் கைவிரல்களை மும்முறை விரித்துக் காட்டிவிட்டு நகரத் தொடங்கினார்.

உண்மையைச் சொன்னால், தொடக்கத்தில் ஊரில் யாரும் பெரிதாக வருந்தவில்லை. பாலத்தைக் கட்டுவதற்கு முன்பே, பாலத்தோடு சேரவேண்டிய அணுகுசாலையை வடகரையில் முந்நூறு மீட்டருக்கு வழவழவென்று போட்டு முடித்திருந்தார்கள். அந்தரத்தில் முடியும் அந்தச் சாலையில் ஒரு வண்டியும் வராது. சம்பா அறுவடை நேரம் வேறு. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் நெல்லை எடுக்கத் தயங்குவார்கள் என்பதால், ஊரே அங்கு நெல்லைக் கொட்டிக் காயவைத்தது. இரண்டே வாரத்தில் யாருக்கு எந்தப் பத்தடி என்ற உரிமை நிலைநாட்டப்பட்டு, அதற்காக ஒரு சண்டையும் நடந்து, பஞ்சாயத்தும் கூடியது. தம் நெல் மூட்டைகளை எடைபோட்டு முடியும்வரை பாலம் திறக்கக் கூடாது என்று ஒருவர் பிள்ளையாருக்கு வேண்டிக்கொண்டதாகவும் பேச்சு. பிள்ளையார் அளவுக்கு மீறியே அருள்பாலித்துவிட்டார்.

வைகாசியில் தூண்கள் மட்டும் நின்றன. மேல்தளம் போடுவதற்கான சாரம் ஆற்றுப்படுகையில்தான் ஊன்றப்பட வேண்டும், அதற்கு ஆறு வறண்டிருக்க வேண்டும். வழக்கப்படி ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் அணை திறந்து ஆற்றில் நீர் வந்துவிடுமே என்று காப்பிக் கடையில் யாரோ நினைவூட்டியபோது, மேற்பார்வையாளர் சற்றும் யோசிக்காமல், “போன வருஷம் ஜூலை 28லதானே திறந்தாங்க? இந்த வருஷமும் அப்படித்தாங்க இருக்கும்” என்று சொல்லிவிட்டார். கல்யாண வீட்டில் அபசகுனமாகப் பேசியவரைப் பார்ப்பதுபோலக் கடையே அவரைப் பார்த்தது. குறுவைக்கு நாற்றங்கால் விட்டுக் காத்திருந்த பெரியவர் ஒருவர், “2022ல மே 24லயே திறந்தாங்க தம்பி” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார். அன்று அந்த இளைஞருக்கு வந்த காப்பியில் சர்க்கரை இல்லை என்பதை நான் கண்ணால் பார்த்தேன்.

ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்தது. 15ஆம் தேதி கல்லணையும் திறந்தது. எங்கள் பகுதிக்குப் புதன்கிழமைதான் நீர் வரும் என்று மதகுகளைத் திறந்து மூடும் ஊழியரான லஸ்கர் சொன்னதை நம்பி, திங்கள் மாலை நான் வழக்கம்போல் கும்பகோணத்திலிருந்து திரும்பினேன். தூசி அடங்குவதற்காக நீர் தெளித்த லாரி அன்று சற்றுத் தாராளமாகத் தெளித்திருந்ததால், மண்பாதை வண்டல் சேறாகிக் கிடந்தது. ஸ்கூட்டரைத் தென்கரைப் புங்கமரத்தடியில் நிறுத்திவிட்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வீடு சேர்ந்தேன்.

அன்றிரவே நீர் வந்துவிட்டது. முதல் நீர் தள்ளிக்கொண்டு வந்த ஆகாயத்தாமரையும் காய்ந்த மட்டைகளும் குழாய்களை அடைத்துக்கொள்ள, விடிவதற்குள் பாதை நடுவில் உடைந்து கரைந்துபோயிற்று. காலையில் பெண்கள் மஞ்சளும் பூவும் கற்பூரமுமாகக் கரையில் கூடியிருந்தார்கள். கையெடுத்துக் கும்பிட வேண்டிய நீரை நான் எப்படித் திட்டுவது? நானும் கும்பிட்டேன். எதிர்க்கரையில் அறுபது மீட்டர் தொலைவில், மாட்டிவைத்த ஹெல்மெட்டும் டிபன் கேரியருமாக என் ஸ்கூட்டர் நின்றது. “சாமி கும்பிடும்போதாவது கண்ணை மூடிக்கொள்ளுங்கள்” என்றாள் மனைவி.

கிழக்கே இருக்கும் பாலம், இங்கிருந்து திருப்பிவிடப்பட்ட லாரிகளைத் தாங்கமாட்டாமல் ஏற்கெனவே மூடப்பட்டிருந்தது. மேற்கே ஏழு கிலோமீட்டர் சென்று, ஆற்றைக் கடந்து, மறுபடி ஏழு கிலோமீட்டர் கிழக்கே வரவேண்டும். பக்கத்து வீட்டுக்காரரின் மொபெட்டில் பின்னால் அமர்ந்து, அறுபது மீட்டர் தொலைவைப் பதினான்கு கிலோமீட்டரில் கடந்து, என் வண்டியை அடைந்தேன். அதன் இருக்கையில் ஓர் ஆடு படுத்திருந்தது. வண்டியின் நிழலில், முகம் வாடிப்போய், மேற்பார்வையாளர் உட்கார்ந்திருந்தார்.

இரவு தென்கரைக் கொட்டகையில் கணக்கு எழுதியவர் அங்கேயே தூங்கிவிட்டாராம். மாற்றுத்துணி, கைப்பேசிச் சார்ஜர், காலைச் சாப்பாடு எல்லாம் வடகரையில். “அண்ணே, ஊருக்குத்தானே போறீங்க?” என்றார். ஆட்டை இறக்கிவிட்டு அவரை ஏற்றிக்கொண்டேன். நான்கு கிலோமீட்டர் வரை இருவரும் பேசவில்லை. எப்போது முடியும் என்று கேட்கலாமா என நான் யோசித்துக்கொண்டிருந்தபோது அவரே தொடங்கினார்.

“அண்ணே, தண்ணிய எப்ப நிறுத்துவாங்க?”

“வழக்கமா ஜனவரி 28.”

பின்னால் அவர் விரல்விட்டு எண்ணுவது என் முதுகில் தெரிந்தது. மூன்று விரிப்புக்குள் அது அடங்கவில்லை.