பனிக்காலச் சைக்கிள் பயிற்சியும் வீட்டாரின் ஞாயிறுகளும்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் மலைச்சைக்கிள் ஓட்டுபவர்கள் பனிக்காலத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால், எத்தனை பாகைக் குளிர், எந்தக் கையுறை, எந்தச் சப்பாத்து என்று பேச்சு குளிரையே சுற்றிவரும். குளிரைப் பணத்தாலும் பழக்கத்தாலும் ஓரளவு சமாளித்துவிடலாம் என்பதே என் எண்ணம். எதைக் கொடுத்தாலும் வாங்க முடியாதது வெளிச்சம். நவம்பர் மாதத்தின் முதலாவது ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்தள்ளியதும் ரொறன்ரோவில் மாலை ஐந்து மணியளவில் சூரியன் மறைந்துவிடுகிறது, டிசம்பரிலோ 4.45 ஆவதற்குள் பொழுது பட்டுவிடும், காலையில் ஏழரை மணிக்குப் பிறகுதான் விடியும். அலுவலகத்தில் வேலை செய்யும் எனக்கு அக்காலத்தில் பகல் என்று மிஞ்சுவது சனியும் ஞாயிறும் மட்டுமே. அந்த இரண்டு பகல்களுக்காகத்தான் மனைவியும் மகளும் மகனும், எங்களுடன் வசிக்கும் அம்மாவும் வாரம் முழுவதும் காத்திருக்கிறார்கள்.

ஆகவே வீட்டில் நாங்கள் செய்துகொண்ட ஏற்பாடு எளிமையானது. வார இறுதியின் வெளிச்சம் வீட்டுக்குரியது. என் பயிற்சி இருட்டுக்குரியது. இதற்கு ஒரேயொரு விலக்கு உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன். இந்த ஏற்பாட்டை நான் செய்யும் தியாகமாக எவரும் எண்ண வேண்டாம், ஏனெனில் பயிற்சியின் கணக்கும் இதற்கு ஒத்தே வருகிறது.

அமெரிக்க உடற்றொழிலியல் ஆய்வாளர் ரொபர்ட் ஹிக்சன் 1980களின் முற்பகுதியில் தம் குழுவினருடன் சில ஆய்வுகளை வெளியிட்டார். வாரத்துக்கு ஆறு நாள்கள், நாளொன்றுக்கு 40 நிமிடம் என்று பத்து வாரங்கள் சைக்கிளோட்டமும் ஓட்டமும் கடுமையாகச் செய்தவர்களின் பயிற்சியை, அடுத்த 15 வாரங்களுக்கு வெவ்வேறு வகையில் குறைத்துப் பார்த்தவை அவை. நாள்களை நான்காகவோ இரண்டாகவோ குறைத்தபோதும், நேரத்தை 26 நிமிடமாகவோ 13 நிமிடமாகவோ சுருக்கியபோதும், உடல் பயன்படுத்தக்கூடிய ஒட்சிசனின் உச்ச அளவு பெரிதாக வீழவில்லை. கடுமையைக் குறைத்தபோதுதான் வீழ்ந்தது. நாளுக்கு 13 நிமிடம் மட்டும் செய்தவர்களிடம் நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கும் ஆற்றல் குறைந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். என்னைப் போன்ற குடும்பத்தவருக்கு இதிலிருந்து கிடைப்பது பெரிய ஆறுதல்: பனிக்காலத்தில் மணித்தியாலங்களை விட்டுக்கொடுக்கலாம், கடுமையை விட்டுக்கொடுக்கக் கூடாது. சில கழகங்களில் இன்னமும் இதற்கு நேர்மாறாக, பனிக்காலம் முழுவதும் மெதுவாக, நீண்ட நேரம் மிதிக்க வேண்டும் என்று புதியவர்களுக்குச் சொல்கிறார்கள். வாரத்துக்குப் பதினைந்து மணித்தியாலம் கிடைப்பவருக்கு அது பொருந்தலாம். நான்கு மணித்தியாலம் கிடைப்பவர் அதைப் பின்பற்றினால், மார்ச் மாதத்தில் நன்றாக மெதுவாக ஓட்டுபவராக வெளியே வருவார்.

செவ்வாயும் வியாழனும் விடியற்காலை, வீட்டில் எவரும் எழும்புவதற்கு முன்னர், பேஸ்மென்ட்டில், சைக்கிளை ஓரிடத்தில் நிறுத்திவைத்து மிதிக்க உதவும் ட்ரெயினர் மீது ஏறிவிடுகிறேன். ஒரு நாள், நோர்வே ஆய்வாளர் பென்ட் ரொன்னெஸ்டாட்டின் ஆய்வுகளால் பரவலான முறை: 30 விநாடி கடுமையாக, 15 விநாடி இலேசாக, அப்படிப் பதின்மூன்று தடவை, சற்று ஓய்வு, பின்னர் அதே தொகுதி இன்னும் இரண்டு முறை. காகிதத்தில் பார்த்தால் சிறு வேலைபோலத் தோன்றும் இது, மூன்றாவது தொகுதியின் நடுவில் மனிதனை ஏனடா பிறந்தோம் என்று எண்ண வைக்கும். மற்றைய நாள் நீண்ட, சீரான ஏற்றம் போன்ற மிதிப்பு. இரண்டுமே ஒரு மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். திரையில் பிறருடன் போட்டியிடும் செயலிகளை நண்பர்கள் பலர் விரும்புகிறார்கள். நானும் சில காலம் பயன்படுத்தினேன். காலை ஐந்தரை மணிக்கு முன்பின் தெரியாத ஒருவரைத் துரத்தும் வேகத்தில் திட்டமிட்ட பயிற்சி மறந்துபோகிறது என்பதால், இப்போது ஒரு மணிக்கூடும் பெரிய மின்விசிறியும் போதும் என்று இருக்கிறேன். அந்த மின்விசிறியின் இரைச்சல் மேலே அம்மாவின் அறைவரை கேட்பதுதான் இன்னும் தீராத வழக்கு. ட்ரெயினருக்கு அடியில் தடித்த இறப்பர் விரிப்புப் போட்டு அதிர்வைக் குறைத்தாயிற்று. காற்றின் சத்தத்துக்கு வழியில்லை.

பாரம் தூக்கும் பயிற்சி மாத்திரம் மாலையில், பிள்ளைகளின் முன்னிலையில் நடக்கும். சைக்கிளோட்டிகளுக்குப் பனிக்காலத்தில் இதைவிடப் பயனுள்ளது குறைவு: கனமான எடையுடன், குறைந்த தடவைகள் செய்யும் குந்தி எழும்பும் பயிற்சி, மிதிக்கும் வலுவைக் கூட்டுவதோடு, கரடுமுரடான இறக்கங்களில் நின்றபடி ஓட்டும்போது இடுப்பையும் முதுகையும் காக்கிறது. மகள் எண்ணிக்கை பார்ப்பாள். தனக்குப் பிடித்த எண்ணில் இருந்து எண்ணத் தொடங்குவது அவளது உரிமை. மகன் வெறும் கம்பை வைத்துக்கொண்டு அதையே செய்து பார்ப்பான்.

திங்களும் புதனும் மாலையில் மனைவி பட்மின்டன் விளையாடச் செல்வார். அந்த நாள்களில் இரவுச் சாப்பாடு, வீட்டுப்பாடம், பிள்ளைகளைப் படுக்க வைப்பது எல்லாம் என் பொறுப்பு. அன்று நான் பேஸ்மென்ட் பக்கமே போவதில்லை. தந்தையின் விளையாட்டுக்குக் குடும்பம் இடங்கொடுப்பது பற்றிச் சைக்கிளோட்டிகள் நிறையப் பேசுகிறார்கள். தாய்க்கும் ஒரு விளையாட்டு இருந்து, அதற்கும் நாள்காட்டியில் அசையாத இடம் இருந்தால், இடங்கொடுப்பது என்ற பேச்சே தேவைப்படாமல் போகிறது என்பதுதான் எங்கள் வீட்டில் நான் கண்டது.

இப்போது அந்த விலக்கு. சனிக்கிழமை காலையில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு. ரொறன்ரோவில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளின் பெற்றோர், வகுப்பு முடியும்வரை வாகனத்துக்குள் தேநீர்க் குவளையுடன் காத்திருக்கும் அந்த நேரம் எனக்கு வாரத்தின் ஒரேயொரு வெளிப்புற ஓட்டம். டொன் பள்ளத்தாக்கில், நகரின் நடுவே, குரோதர்ஸ் வூட்ஸ் என்ற ஐம்பது ஹெக்டேயருக்குச் சற்றுக் கூடிய காட்டில் சைக்கிள் தடங்கள் உள்ளன. பிள்ளைகளை இறக்கிவிட்டு, அங்கே போய் ஓட்டிவிட்டு, சேறு படாத உடுப்புக்கு மாறிக்கொண்டு வகுப்பு வாசலுக்குத் திரும்ப நேரம் சரியாக இருக்கும். ஓட்டத்துக்கென்று வீட்டில் எவருடைய நேரமும் போவதில்லை.

அந்த ஓட்டமும் எல்லாச் சனிக்கிழமையும் வாய்ப்பதில்லை. நிலம் இறுகி உறைந்திருக்கும்போது தடத்துக்குச் சேதமில்லை. வெப்பநிலை பூச்சியத்தைத் தாண்டி மேல்மண் இளகும் நாளில் ஒரு சில்லுப் போனாலே ஆழமான தடம் விழுந்து, அடுத்த குளிரில் அப்படியே கல்லாக இறுகிவிடும், நீர் அதன் வழியே ஓடி மண்ணை அரிக்கும். குளிர் தணிந்த இனிமையான சனவரி நாளில்தான் எல்லோருக்கும் காட்டுக்குள் போக ஆசை வரும். போகக் கூடாத நாளும் அதுதான். இளகிய நாள்களில் ஓட்டத்தைக் கைவிட்டு வகுப்பு வாசலிலேயே நின்றுவிடுகிறேன்.

பனி நன்கு விழுந்தபின் வழக்கமான மலைச்சைக்கிள் தடுமாறும். நான்கு அங்குலத்துக்குக் கிட்டிய அகலமான டயர்கள் கொண்ட ஃபேட் பைக்கில் காற்றழுத்தத்தை ஐந்து பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கினால்தான் பிடிப்புக் கிடைக்கும்; கோடையில் மலைச்சைக்கிளுக்கு அடிப்பதில் நான்கிலொரு பங்கு அது. குளிரைப் பற்றிப் பேசமாட்டேன் என்று தொடங்கினாலும் இரண்டு விடயங்களைச் சொல்லாமல் விட முடியாது. கழித்தல் 10 பாகையில் மணிக்கு 25 கிலோமீற்றர் காற்று முகத்தில் அடித்தால் அது தோலுக்குக் கழித்தல் 19 போல உறைக்கும். திறந்த பாதையில் இறங்கும்போது அந்தக் காற்றை நாமே உண்டாக்கிக்கொள்கிறோம். இரண்டாவது, கடும் குளிரில் மூச்சுவாங்க உழைப்பது சுவாசக் குழாய்களைப் பாதிக்கும். குறுக்குநிலப் பனிச்சறுக்குப் போட்டிகளையே கழித்தல் 20க்குக் கீழ் நடத்துவதில்லை என்றிருக்க, பொழுதுபோக்குக்கு ஓட்டும் நாம் அதற்கும் முன்னரே வேகத்தைக் குறைப்பது நல்லது. என் கடும் உழைப்பெல்லாம் பேஸ்மென்ட்டில் முடிந்துவிடுவதால், வெளியே நிதானமாகவே ஓட்டுகிறேன். “இந்தக் குளிருக்குள்ள எங்க தம்பி போறாய்?” என்று அம்மா கேட்பதற்கு இதில் எதுவுமே பதிலாகாது, குல்லாவை இன்னும் இழுத்துவிட்டு அனுப்புவார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளே கிடையாது. நகரத்தின் வெளிப்புறப் பனித்தரைகளில் சறுக்குவதற்குக் கட்டணமில்லை. பிள்ளைகள் எங்களைவிட நன்றாகச் சறுக்குவார்கள் என்பதால், மனைவியும் நானும் கைப்பிடிச் சுவரோரமாக அவர்களின் கேலியைக் கேட்டபடி போவோம். பனி அதிகமாக இருந்தால் குன்றில் இருந்து சறுக்குப் பலகையில் இறங்குவது. இறங்குவது அவர்கள், பலகையை மேலே இழுத்துக்கொண்டு ஏறுவது நான். வருடத்துக்குச் சில தடவைகள் பரி நகருக்கு வடக்கே ஒரோ-மெடொன்ரேயில் உள்ள ஹார்ட்வுட்டுக்குப் போகிறோம். 2015 பான் அமெரிக்க விளையாட்டுகளின் மலைச்சைக்கிள் போட்டி நடந்த அதே காடு பனிக்காலத்தில் குறுக்குநிலப் பனிச்சறுக்குத் திடலாகிவிடுகிறது. கோடையில் நான் மூச்சிரைக்க ஏறிய ஏற்றத்தில் மகள் சறுக்குக் கட்டைகளோடு என்னை முந்திச் செல்வதைப் பார்க்கும்போது, கைகால்கள் அனைத்தும் உழைக்கும் இந்த விளையாட்டைப் பயிற்சிக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளலாமா என்று மனம் கணக்குப் போடும். எழுதுவதில்லை. இதயத்துடிப்புக் கடிகாரத்தையும் அன்று வீட்டில் வைத்துவிட்டே போகிறேன், ஏனெனில் அது கையில் இருந்தால், மகன் பனியில் கோட்டை கட்ட நிற்கும் இடத்தில் எனக்குப் பொறுமை குறைகிறது.

பிள்ளைகளுக்குப் பனியில் சைக்கிள் பிடிக்கும், ஆனால் பெரியவர்களைவிட விரைவாக அவர்களின் உடல் குளிர்ந்துவிடும். ஆகவே உறைந்த புல்வெளியில் ஒருவரை ஒருவர் துரத்திப் பிடிக்கும் விளையாட்டு, யார் கடைசிவரை கால் ஊன்றாமல் நிற்பது என்ற போட்டி, பிறகு ரிம் ஹோர்டன்ஸ் கோப்பிக் கடையில் சூடான சொக்கலேற் பானம் என்பதோடு முடித்துக்கொள்கிறோம். கால் ஊன்றாமல் நிற்கும் போட்டியில் சமநிலைப் பயிற்சி எனக்கும் கிடைத்துவிடுகிறது. மகள்தான் பெரும்பாலும் வெல்கிறாள்.

இந்த ஒழுங்கு அப்படியே நடக்கும் வாரங்கள் குறைவு என்பதையும் சொல்லிவிடுகிறேன். சனவரி இங்கே தமிழ் மரபுத் திங்கள். பொங்கல் விழாக்கள், பிள்ளைகளின் மேடை நிகழ்ச்சிகள், அவற்றுக்கான ஒத்திகைகள் என்று மாலைகள் கரைந்துவிடும். பள்ளிக்கூடத்தில் இருந்து ஒரு தடிமன் வீட்டுக்குள் நுழைந்தால் வரிசையாக ஐவரையும் பிடித்துவிட்டே போகும். வாரத்துக்கு ஒரு கடும் பயிற்சிதான் கிடைக்கிறது என்றால், மற்றதைச் சனிக்கிழமைக்குத் தள்ளிவைத்து வட்டியோடு கட்டப் பார்ப்பதில்லை. பெப்ரவரி மூன்றாவது திங்கட்கிழமை வரும் குடும்ப தினத்தை இந்த மாகாணம் 2008இல் இருந்து விடுமுறையாக வைத்திருக்கிறது. அன்று ட்ரெயினரை மூடிவைக்கிறேன்.

மார்ச் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை கடிகாரம் திரும்ப முன்னே வரும்போது சூரியன் மாலை ஏழு மணி தாண்டியே மறையும். அன்றிலிருந்துதான் நீண்ட ஓட்டங்கள். ஏனெனில் ஹிக்சனின் ஆய்வில் வீழ்ந்தது அந்த நீண்ட தாக்குப்பிடிப்பு, ஏப்ரல் இறுதியில் எனக்குத் தேவைப்படுவதும் அதுவே. பரிஸ் என்ற சிற்றூரில் இருந்து அங்காஸ்டருக்குச் சரளைப் பாதைகளிலும் பண்ணைத் தடங்களிலும் செல்லும் எழுபது கிலோமீற்றர் ஓட்டம் 1994இல் தொடங்கியது. கடைசியில் ஏற்றம் ஒன்று காத்திருக்கும், வழியில் சேறு நிச்சயம். அதற்காக ஏப்ரலில் சில ஞாயிறு முற்பகல்களை மனைவியிடம் கேட்டிருக்கிறேன். மே மாத நீண்ட வார இறுதியில் அவருடைய பட்மின்டன் குழு ஒட்டாவாவுக்குப் போகிறது. அந்த மூன்று நாள்களும் வீடு என் கையில் என்று நாள்காட்டியில் எழுதிவிட்டுத்தான் சம்மதித்தார்.