தொங்கும் தாடைக்கு ஹைஃபூவா, நூலா?

தை முகூர்த்தத்துக்கு முகம் இறுகணும் என்று மார்கழியில் கிளினிக் போவது வீண். ஹைஃபூ, அதாவது குவித்த அல்ட்ராசவுண்ட் அலை, தோலுக்கடியில் 4.5 மி.மீ. ஆழத்தில், தசையை ஒட்டிய உறையைப் புள்ளிபுள்ளியாக 60 டிகிரிக்கு மேல் சூடேற்றுகிறது. புதுக் கொலாஜன் சேர்ந்து இறுக்கம் தெரிய 2, 3 மாதம் ஆகும். ஐப்பசித் தொடக்கத்திலேயே செய்திருக்க வேண்டும்.

ஒட்டிய கன்னக்காரர்களுக்கு இதை நான் சொல்லவே மாட்டேன். சூடு கொழுப்பில் விழுந்தால் கன்னம் இன்னும் குழியும். தாடை விளிம்பு நரம்பில் பட்டால் உதடு ஒருபக்கம் கோணும். பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும்.

நூல் லிஃப்டில், மரப்பு ஊசி போட்டு, முள்வைத்த பி.டி.ஓ. நூலை (உடலுக்குள் தானே கரையும் நூல்)க் காதோரத்திலிருந்து கொழுப்பு அடுக்குக்குள் செலுத்தி இழுப்பார்கள். நூல் மேலாகப் போனால் தோலில் குழி விழும், சிரித்தால் பளிச்சென்று தெரியும். நூல் கரைய ஏறத்தாழ 6 மாதம். முதல் 2 வாரம் மல்லாந்து படுங்கள். வாயை அகலத் திறக்கவைக்கும் பல் வைத்தியம் வேண்டாம். முழு ஹெல்மெட் கன்னத்தை அழுத்தும் (ஹெல்மெட்டை விடச் சொல்லவில்லை, ஸ்கூட்டரை விடுங்கள்), சென்னை ஓ.எம்.ஆர். சாலைக்கு பஸ்ஸில் போங்கள்.

ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள், தானாக நிறுத்தாதீர்கள். கழுத்துத் தோல் மடிப்பாகவே தொங்கினால் இரண்டுமே போதாது. அது அறுவை சிகிச்சைக்காரர் வேலை.