வணிகக் கணிதமும் கணக்குதான்: தம்பியின் நெதர்லாந்து அட்மிஷன்

தம்பிக்கு நெதர்லாந்தில் பி.எஸ்ஸி. எகனாமிக்ஸ் சீட் உறுதியாகிவிட்டது. 3 ஆண்டுப் படிப்பு, 180 கிரெடிட், பாடம் முழுக்க ஆங்கிலத்தில். ஸ்டூடிலிங்க் என்ற அந்நாட்டு விண்ணப்பத் தளத்தில் பதிவு, ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. எங்களைப் படுத்தி எடுத்தது ஒன்றுதான்: அவன் பன்னிரண்டில் காமர்ஸ் குரூப்.

அங்கே எகனாமிக்ஸ் என்றால் முதல் ஆண்டிலேயே கால்குலஸ், புள்ளியியல் வந்துவிடும். அதனால் பள்ளியில் கணக்கு படித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. தம்பி படித்ததோ வணிகக் கணிதம். நாங்கள் போன கன்சல்டன்சியில் மார்க்ஷீட்டைப் பார்த்ததுமே, "பிசினஸ் மேத்ஸ் எல்லாம் அங்க மேத்ஸா எடுத்துக்க மாட்டாங்கம்மா, ஒரு வருஷம் ஃபவுண்டேஷன் கோர்ஸ் போட்டுடலாம்" என்று லட்சக்கணக்கில் ஒரு தொகையை எழுதிக் காட்டினார்கள். பல்கலைக்கழகத்துக்கு ஒரு மெயில்கூட போட்டுக் கேட்காமல் இப்படி அடித்துச் சொல்கிறார்களே என்று எனக்கு இன்னும் ஆறவில்லை. வடசென்னை கொருக்குப்பேட்டையிலிருந்து வருகிறவர்களுக்கு என்ன தெரியும் என்ற நினைப்பு.

நாங்களே மெயில் போட்டோம். பாடத்திட்டத்தை அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறோம் என்று பதில் வந்தது. பன்னிரண்டாம் வகுப்பு வணிகக் கணிதப் புத்தகத்தை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. தொகை நுண்கணிதமே இரண்டு அத்தியாயம், அப்புறம் வகைக்கெழுச் சமன்பாடுகள், அணிகள், நிகழ்தகவுப் பரவல்கள், கூறெடுப்பு. வகை நுண்கணிதம் பதினொன்றிலேயே முடிந்துவிடுகிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்? ஆங்கில வழிப் புத்தகம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பொருளடக்கத்தைப் பிரிண்ட் எடுத்து, இதைத்தான் நடத்தினோம் என்று பள்ளியில் ஒரு கடிதமும் பக்கத்துக்குப் பக்கம் சீலும் வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்தச் சீலுக்குத்தான் அலையவிட்டார்கள். "இந்த மாதிரி லெட்டர் எல்லாம் நாங்க குடுத்ததே இல்லம்மா" என்றார் அலுவலகத்தில் இருந்தவர். ஹெச்.எம். பேப்பர் திருத்தப் போயிருக்கிறார், நாளைக்கு வாங்க. நாளைக்குப் போனால் வழக்கமான போனஃபைடை நீட்டினார், அதில் காமர்ஸ் குரூப் என்று மட்டும் இருந்தது, வணிகக் கணிதம் என்ற பெயரே இல்லை. கடைசியில் வாசகத்தை நானே டைப் செய்து கொண்டுபோய், ஹெச்.எம். வரும்வரை வராந்தாவில் உட்கார்ந்தேன். அவர் படித்துப் பார்த்து உடனே கையெழுத்துப் போட்டுவிட்டார். ஆனால் ஸ்டாம்ப் பேடு காய்ந்து கிடந்ததால் ஊதா சீல் பாதிதான் விழுந்தது. ஸ்கேனில் பள்ளியின் பெயரே தெரியவில்லை என்று பல்கலைக்கழகத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த முறை புது இங்க் பாட்டிலோடு போனேன். வாங்கும்போதே ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படமெடுத்து, எழுத்து தெரிகிறதா என்று பார்த்துவிட்டு வெளியே வாருங்கள்.

மார்க்ஷீட்டில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருந்ததற்கு ஐகோர்ட் எதிரே நோட்டரி அஃபிடவிட் போட்டோம்.

வணிகக் கணிதம் போதும் என்று மெயில் வந்த அன்று தம்பி அதை அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக் காட்டினான். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனித்தனியாகத்தான் முடிவெடுக்கும், நீங்கள் விண்ணப்பிக்கும் இடத்தில் கட்டாயம் கேளுங்கள். காமர்ஸோடு கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ் எடுத்த பிள்ளைகளிடம் காட்டப் பாடத்திட்டம் இருக்காது, அவர்கள் ஓஎம்பிடி என்ற ஆன்லைன் கணிதத் தேர்வைப் பல்கலைக்கழகம் ஏற்குமா என்று கேட்கலாம். இட வரம்புள்ள படிப்புகளுக்கு ஜனவரி 15 கடைசி நாள், நம் பொதுத்தேர்வுக்கு முன்பே வந்துவிடும். ஆகவே பள்ளிக் கடிதத்தை அரையாண்டு லீவுக்கு முன்பே வாங்கிவிடுங்கள்.