பல் முளைத்த தண்டவாளம்

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ரயில் பாதை 46 கிலோமீட்டர். பஸ்ஸில் ஏறினால் காலையில் சாப்பிட்ட இட்லி செரிப்பதற்குள் மேலே போய் இறங்கிவிடலாம். மலை ரயிலோ ஏறக்குறைய ஐந்து மணி நேரம் எடுத்துக்கொள்ளும். சிறு குழந்தைகளோடு கிளம்புகிற யார் கேட்டாலும் நான் ரயிலைத்தான் சொல்வேன். அத்தனை நேரம் பிள்ளைகளை எப்படி உட்கார வைப்பது என்ற பயம் வேண்டாம். அந்த ரயில் அவர்களை உட்காரவே விடாது.

நாங்கள் போனது பொங்கல் விடுமுறையில். அக்டோபர், நவம்பரில் மழை வலுத்தால் பாதையில் மண் சரியும், மரம் விழும், ரயிலை நிறுத்திவிடுவார்கள். மே மாதத்தில் டிக்கெட் கிடைப்பது குதிரைக்கொம்பு. குளிரைத் தாங்கிக்கொள்ள முடிந்தால் தை மாதம்தான் நல்ல காலம். சென்னையிலிருந்து இரவில் புறப்படும் நீலகிரி எக்ஸ்பிரஸ் காலையில் மேட்டுப்பாளையத்தில் கொண்டுவந்து சேர்க்கிறது. அதே நிலையத்திலிருந்து 7.10 மணிக்கு மலை ரயில். இடங்கள் குறைவு என்பதால் முன்பதிவை மட்டும் நாள் தள்ளாமல் செய்துவிட வேண்டும்.

இந்தப் பயணம் தேவைதானா என்று வீட்டில் நிறைய யோசித்தோம். என் கணவர் திருமணத்துக்கு முன்பிருந்தே வேலை பார்த்த நிறுவனத்தில் ஆட்குறைப்பு நடந்தது. அந்தப் பட்டியலில் இவர் பெயரும் இருந்தது. என் சம்பளத்தில் வீடு ஓடிக்கொண்டிருந்தது. விண்ணப்பம், நேர்காணல், "சொல்லி அனுப்புகிறோம்" என்ற பதில். இவை மாறி மாறி வந்துகொண்டிருந்தன. பண நெருக்கடியைவிட இவர் பேச்சு அடங்கிப்போனதுதான் என்னை அதிகம் வாட்டியது. குழம்பில் உப்பில்லை என்றாலும் வாய் திறக்காமல் சாப்பிட்டு எழுந்துவிடுவார். உதகையில் ஆசிரியையாக இருக்கும் என் பெரியம்மா மகள் ஒருநாள் தொலைபேசியில், "தங்க என் வீடு இருக்கிறது, சாப்பாடு என் பொறுப்பு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வா" என்றார். அது என் மாமியார் காதில் விழுந்தது. நாங்கள் முடிவெடுப்பதற்குள் அவர் பரணிலிருந்து பெட்டியை இறக்கி ஸ்வெட்டர்களை அடுக்கத் தொடங்கிவிட்டார்.

மேட்டுப்பாளையம் நடைமேடையில் என் மகள்களுக்குள் முதல் சண்டை மூண்டது. பெரியவளுக்கு ஒன்பது வயது, சின்னவளுக்கு ஆறு. நீலமும் வெளிர்மஞ்சளும் பூசிய பெட்டிகள் நின்றிருந்தன. என்ஜினைப் பார்க்கப் பெரியவள் முன்பக்கம் ஓடினாள், சின்னவள் பின்பக்கம் ஓடினாள். சின்னவள் ஓடியதுதான் சரி. மலை ஏறும்போது நீராவி என்ஜின் பெட்டிகளுக்குப் பின்னால் நின்று தள்ளுகிறது. ஏற்றத்தில் பெட்டிகளின் இணைப்பு அறுந்துபோனாலும் அவை என்ஜின்மீதே சாய்ந்து நிற்கும், கீழே உருண்டு போகாது. அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. இந்த விளக்கம் பெரியவளுக்குப் போதுமானதாக இருந்தது. சின்னவளுக்குப் போதவில்லை.

"என்ஜின் பின்னால் இருந்தால் முன்னால் யார் பார்ப்பார்கள்?"

நல்ல கேள்வி. முதல் பெட்டியின் முகப்பில் சிறிய திறந்த மேடை ஒன்று இருக்கிறது. அங்கே பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியும் வைத்துக்கொண்டு பிரேக் ஊழியர் நிற்கிறார். வழியைப் பார்த்து அவர் காட்டும் சைகையை நம்பித்தான் பின்னாலிருக்கும் ஓட்டுநர் தள்ளுகிறார். அந்த ஊழியரைக் கண்டதும் சின்னவள் அவரிடமே போய், "மாமா, உங்களுக்குக் கை வலித்தால் நான் பிடிக்கிறேன்" என்று கொடிக்குக் கை நீட்டினாள். "வளர்ந்து பரீட்சை எழுதி வா பாப்பா, உன்னிடமே தருகிறேன்" என்றார் அவர். அதை அவள் நியமன உத்தரவாகவே எடுத்துக்கொண்டாள்.

கல்லாறு வரை சமதளம். பாக்குத் தோப்புகள் வழியே ரயில் சாதாரணமாகத்தான் ஓடுகிறது. கல்லாற்றில்தான் இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பற்கள் தொடங்குகின்றன. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்த சின்னவள், "அம்மா, தண்டவாளத்துக்குப் பல் முளைத்திருக்கிறது!" என்று கத்தினாள். அவளுடைய கீழ்வரிசை முன்பல் ஒன்று அப்போது ஆடிக்கொண்டிருந்தது. நாள் முழுதும் நாக்கால் அதைத் தள்ளிப் பார்ப்பதுதான் அவள் வேலை. அதனால் அடுத்த கேள்வியும் அதுவாகவே இருந்தது: "இதில் எந்தப் பல்லாவது ஆடுகிறதா?"

நான் பதில் தேடிக்கொண்டிருந்தபோது இவர் பேசினார். இவருக்கு இயந்திரம் என்றால் உயிர். சின்னவளின் கைகள் இரண்டையும் எடுத்து, விரல்களை விரித்து, ஒன்றன்பக்கத்தில் ஒன்றாக வைத்தார். ஒரு கையைக் கொஞ்சம் முன்னே நகர்த்தினார். ஒரு கையின் விரல் இருக்கும் இடத்துக்கு நேரே மறு கையின் இடைவெளி வந்தது. "பார், நடுவில் இரண்டு வரிசைப் பற்கள். ஒரு வரிசையில் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் சந்து இருக்கும். என்ஜினுக்கு அடியில் பல் சக்கரம் இருக்கிறது. அது ஒரு பல்லை விடுவதற்குள் அடுத்த பல்லைப் பிடித்துவிடும். எந்த நொடியிலும் பிடி விடாது." இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் வழுக்கும். 12 அடி போனால் 1 அடி ஏற வேண்டிய இந்தச் செங்குத்தில் பல் இல்லாமல் முடியாது. முதலில் சுவிட்சர்லாந்தில் செய்யப்பட்ட இந்த 'எக்ஸ்' வகை என்ஜின்களில் அந்தப் பல் சக்கரத்தைச் சுழற்றவே தனியாக இரண்டு சிலிண்டர்கள் உண்டு. அதையும் சொன்னார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசிக் கேட்டு வெகுகாலமாகியிருந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சின்னவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்படியானால் ஆடாது" என்று முடிவு சொன்னாள்.

பிறகு குகைகள். பாதை முழுவதிலும் 16 சுரங்கங்கள், 250 பாலங்கள், 208 வளைவுகள். எண்ணும் பொறுப்பைப் பெரியவள் ஏற்றுக்கொண்டாள்; கையில் நோட்டு, பென்சில். குகைக்குள் ரயில் நுழைந்ததும் பெட்டியில் இருக்கும் பெரியவர், சிறியவர் எல்லாரும் கத்துவது இந்த ரயிலில் எழுதப்படாத சட்டம். கல்லூரி மாணவர்கள் கத்தினார்கள், கைக்குழந்தையை வைத்திருந்த தாய் கத்தினார். எதிர் இருக்கையில் மனைவியோடு உட்கார்ந்திருந்த திருநெல்வேலிப் பக்கத்துத் தாத்தா எல்லாரையும்விட உரக்கக் கத்தினார். பெரியவளின் நோட்டில் மூன்று கோடுகள் விழுந்திருந்தபோது சின்னவளின் கணக்கு பதினொன்றைத் தொட்டிருந்தது. எப்படி என்று கேட்டால், "நான் கண்ணை மூடினாலும் இருட்டாகிறதே, அதையும் சேர்த்தேன்" என்றாள். பெரியவள் தலையில் அடித்துக்கொண்டாள். தாத்தா தீர்ப்புச் சொன்னார்: "ரயில்வே கணக்கு அக்காவிடம் இருக்கட்டும். உன் கணக்கு உன்னிடம் இருக்கட்டும்."

ஹில்குரோவ் நிலையத்தில் என்ஜின் தண்ணீர் குடிக்க நிற்கிறது. பயணிகள் இறங்கி டீ, வடை வாங்கலாம். அந்த வடைக்காகவே குரங்குகள் அங்கே குடும்பத்தோடு காத்திருக்கின்றன. சின்னவளின் கையிலிருந்த வடையை ஒன்று பறித்தது. பறித்ததும் ஓடவில்லை. வேலிக் கல்லின்மேல் உட்கார்ந்து, வடையைப் பிய்த்து, உள்ளே இருந்த பச்சை மிளகாய்த் துண்டை இரண்டு விரலால் எடுத்து ஓரமாக வைத்துவிட்டுச் சாப்பிட்டது. அழத் தயாராக இருந்த சின்னவள் அதைப் பார்த்து அழுகையை விழுங்கிவிட்டாள். "அம்மா, அதுவும் என்னைப் போலவே மிளகாயை எடுத்து வைக்கிறது. நீ அதைத் திட்டுவாயா?" என்றாள். குழந்தைகளோடு போகிறவர்கள் தின்பண்டத்தைப் பைக்குள் வைத்திருங்கள் என்பது என் அறிவுரை. ஆனால் அந்தக் குரங்கின்மேல் எனக்குக் கோபம் இல்லை.

ரயில் மறுபடி ஏறத் தொடங்கியதும் பெரியவள் தங்கைக்கு எதிரொலியைப் பற்றிப் பாடம் எடுத்தாள். பள்ளியில் படித்ததாம். "குகைக்குள் நாம் எதைக் கத்துகிறோமோ அது நம்மிடமே திரும்பி வரும்." சின்னவள் அதை மனத்தில் வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

அடுத்த குகை வந்தது. இருட்டு, நீராவியின் ஈர வாடை, எல்லாருடைய கூச்சல். அந்தக் கூச்சல் ஓய்ந்து மூச்சு வாங்கும் இடைவெளியில் என் மடியிலிருந்து ஒரு சின்னக் குரல், தொண்டை கிழிய: "எங்கள் அப்பாவுக்கு வேலை கிடைக்கட்டும்!"

அதற்குமேல் யாரும் கத்தவில்லை. சக்கரச் சத்தம் மட்டும் கேட்டது. ரயில் வெளிச்சத்துக்கு வந்தபோது எங்கள் பகுதியிலும் பக்கத்துப் பகுதியிலும் இருந்த அத்தனை பேரும் இவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு இவர் முகத்தை ஏறிட்டுப் பார்க்கத் துணிவில்லை. பெரியவளுக்கு அவமானம் தாங்கவில்லை.

"ஏன்டி எல்லார் முன்னாலும் சொன்னாய்?"

"இருட்டில் யார் சொன்னது என்று தெரியாது என்று நினைத்தேன் அக்கா."

தாத்தாவின் மனைவிதான் முதலில் சிரித்தார். அவரைப் பார்த்துத் தாத்தா சிரித்தார். பிறகு இவர் சிரித்தார். முதலில் தோள் மட்டும் குலுங்கியது. பிறகு வாய்விட்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். தாத்தா முன்னால் குனிந்து இவர் முழங்காலைத் தட்டி, "வேலை போவதும் வருவதும் எல்லார் வீட்டிலும் உண்டு தம்பி. நான் மூன்று தடவை பார்த்துவிட்டேன்" என்றார். அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை. அது எவ்வளவு பெரிய நாகரிகம் என்பது, எங்கே போனாலும் "இப்போது என்ன செய்கிறீர்கள்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லியே களைத்துப்போன வீட்டாருக்குத்தான் தெரியும்.

அதற்கடுத்த குகைக்குள் நுழைந்ததும் தாத்தா தொடங்கி வைத்தார்: "கிடைக்கட்டும்!" கல்லூரிப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். என்ன விஷயம் என்றே தெரியாத பக்கத்துப் பெட்டியும் சேர்ந்துகொண்டது. நானும் கத்தினேன். சின்னவள் காதைத் தீட்டி வைத்துக்கொண்டு திருப்தியோடு, "வருகிறது, வருகிறது" என்றாள்.

குன்னூரில் நீராவி என்ஜின் விடைபெற்று டீசல் என்ஜின் வந்தது. கேத்திப் பள்ளத்தாக்கின் காய்கறிப் பாத்திகள், லவ்டேலின் மரக்கூட்டம், எல்லாம் அழகுதான். ஆனால் பிள்ளைகள் இருவரும் அதற்குள் தூங்கிப்போயிருந்தார்கள். இந்தப் பாதை 1899 இல் குன்னூர் வரையும், 1908 இல் உதகை வரையும் வந்தது. 2005 இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது. நிலையச் சுவர்களில் இதையெல்லாம் பெருமையோடு எழுதியிருப்பதைப் படிக்கும்போது, இந்தப் பாறையைக் குடைந்தவர்கள் தங்கள் பிள்ளைகளை எங்கே விட்டுவிட்டு வந்திருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

உதகையில் மறுநாள் விடிந்தபோது அக்கா வீட்டு வாசல் புல்லெல்லாம் வெளுத்திருந்தது. உறைபனி. சின்னவள் செருப்பில்லாமல் இறங்கி, ஒரு புல்லைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்து, "உப்பு இல்லை" என்று அறிவித்தாள். அன்று பகலில் அரசு தாவரவியல் பூங்காவுக்குப் போனோம். 1848 இல் தொடங்கிய பூங்கா அது. தொட்டபெட்டா மலையின் சரிவில் படிப்படியாக மேலே ஏறுகிறது. அங்கே கல்லாகிப்போன ஒரு மரத்தின் தண்டு இருக்கிறது, 2 கோடி ஆண்டுகள் பழமையானது. பெரியவள் பலகையைப் படித்துச் சொன்னாள். சின்னவள் அந்தக் கல்மரத்தைத் தடவிக் கொடுத்துவிட்டு, "இவ்வளவு பிறந்தநாளுக்கும் யார் கேக் வாங்கினார்கள்?" என்றாள். பூங்காவின் மேல்பகுதிக்கு ஏறும்போது இவர் மூச்சு வாங்க நின்றார். உடனே சின்னவள் பின்னால் போய் இரண்டு கைகளாலும் அப்பாவின் முதுகைத் தள்ளத் தொடங்கினாள், வாயால் நீராவி விட்டபடி. பெரியவள் கைக்குட்டையைக் கொடியாகப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். எதிரே வந்த சுற்றுலாப் பயணிகள் வழிவிட்டு ஒதுங்கினார்கள். இவர் இரண்டு இடத்தில் வேண்டுமென்றே நின்று, "ஹில்குரோவ், தண்ணீர் குடிக்க வேண்டும்" என்றார்.

அக்கா கட்டிக்கொடுத்த வர்க்கி பிஸ்கட்டோடு சென்னை திரும்பினோம். வேலை இன்னும் கிடைக்கவில்லை. இதை எழுதும் வாரத்திலும் ஒரு நேர்காணல் இருந்தது. இவர் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது அடுக்களையிலிருந்து பயங்கரமான ஒரு சத்தம் வந்தது. ஓடிப் போய்ப் பார்த்தால், சின்னவள் காலியாக இருந்த பித்தளைக் குடத்துக்குள் முகத்தை நுழைத்து, "கிடைக்கட்டும்! கிடைக்கட்டும்!" என்று கத்திக்கொண்டிருந்தாள். விழுந்துபோன பல்லின் சந்து வழியாகக் காற்று வேறு சீட்டியடித்தது. பக்கத்தில் பெரியவள் தன் முறைக்காக நின்றிருந்தாள். மாமியார் இருவரையும் தாண்டி வந்து, "போதும், குடத்தைக் கொடுங்கள், தண்ணீர் பிடிக்க வேண்டும்" என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, குடத்தை வாங்கி ஒருமுறை அவரும் உள்ளே குனிந்தார்.